கருடமங்கலத்துக் கல்

அன்புள்ள செண்பகம்,

நீயும் அத்தையும் சுகம்தானே? எனக்கு அலுப்பைத் தவிர ஒன்றுமில்லை.

போன வாரம் பீன்யாவில் எங்கள் சோதனைக்கூடத்துக்கு நம் கருடமங்கலத்து மணற்கல் வந்தது. ஒன்பது கோடி வருடத்துக்கு முன் கடலடியில் சிப்பிகளோடு இறுகிய மணல். நனைத்தால் மணல் துகள்கள் தெளிவாகத் தெரியுமென்று இங்கே கல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்போம். ஊர்ப் பெயரைக் கண்ட ஆசையில் யாரையும் கேட்காமல் தொட்டுவிட்டேன்.

"அண்ணா, அதுல ஆசிட் போட்டிருக்கேன்!" என்று கத்தினாள், கூட வேலை செய்யும் காந்தா. கல்லில் சுண்ணாம்பு இருந்தால் ஆசிட் பட்டதும் நுரைக்குமாம். நாக்கு லேசாக வெந்தது, அவ்வளவுதான். இப்போது மோர்ச்சோறு இறங்குகிறது.

பருப்புப்பொடி அனுப்பினால் காரம் குறைத்துப் போடு. கூடவே நம் கொல்லைக் கல் ஒன்றைக் கழுவாமல் வை. அதையாவது யாரையும் கேட்காமல் தொடுகிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

தனவேல்