பஸ் கைப்பிடி வைத்த ஃப்ரிட்ஜ்

அன்புள்ள தம்பி ரஃபேத்துக்கு,

அக்கா ஷெஃபிகா எழுதுவது. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. முந்தாநாள் டிவி செய்தியில் உன்னைப் பார்த்தேன். மாஷால்லா, கன்னம் உப்பி, கோட்டுப் பொத்தானைப் போட முடியாமல் நிற்கிறாய். சுகத்துக்கு என்ன குறைச்சல்! போன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதேயில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

இந்த வருஷமும் உங்கள் குப்பை பத்திரமாக வந்து சேர்ந்தது. மலையில் பனி உருகி, மேலே மழையும் பிடித்துக்கொண்டதில், லிம் ஆறு மாண்டினீக்ரோவில் வாரியதையும் செர்பியாவில் உங்கள் ஊரில் வாரியதையும் சுமந்துகொண்டு திரினா ஆற்றில் இறங்கி, பாஸ்னியாவில் எங்கள் ஊர் அணைக்கு முன்னால் கொண்டுவந்து கொட்டிவிட்டது. குறுக்கே பீப்பாய்களைக் கோத்துக் கட்டிய வேலி இருப்பதால் அணை தப்பித்தது. கரைக்குக் கரை பாட்டில், டயர், செருப்பு, செத்த ஆடு. தண்ணீரே கண்ணில் படவில்லை. ஒரு தெருநாய் அதைத் தரை என்று நினைத்துப் பாதி ஆறு வரை நடந்துபோய், திரும்பத் தெரியாமல் ஊளையிட்டது. உன் அத்தான்தான் படகில் போய்த் தூக்கிவந்தார்.

அவருக்கு இதுதானே வேலை. விடிந்தால் மிதவையில் ஏறுவார், கிரேனால் அள்ளி லாரியில் போடுவார். லாரி அதை எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் மேட்டில் கொட்டும். அந்த மேடு உள்ளுக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றினாலும் அணைவதில்லை. புகை நேராக எங்கள் வீட்டில் இறங்குகிறது. மெலிஹாவுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க இழுப்பு. பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்கு முன்னால் மூச்சு மருந்தைத்தான் வைக்கிறேன். டாக்டரம்மா, "இந்தப் புகையிலயே வெச்சிருந்தா பிள்ளை தேறமாட்டா, வேற ஊருக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டாள். எங்கே போவது? உங்கள் ஊர்க் குப்பையை ஆற்றிலிருந்து எடுத்து என் மகள் நெஞ்சில் கொட்டுகிறோம். எனக்கு வயிறு எரிகிறது, ரஃபேத்.

வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் மூன்று நாட்டு ஆற்றுக் குழு எங்கள் ஊர் ஹோட்டலில் கூடுகிறது. நீயும் உன் ஊர்த் துப்புரவுத் தலைமை அதிகாரியாக வருகிறாய். ஆட்டுக்கறி சாப்பிடுகிறீர்கள், பாலத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறீர்கள், ஆறு எல்லோருக்கும் சொந்தம் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள். ஆறு மட்டும்தான் எல்லோருக்கும் சொந்தம். குப்பை என்று வந்தால் யாருக்கும் சொந்தமில்லை.

போன வருஷம் ஆராய்ச்சி என்று சொல்லிக் காலேஜ் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கினார்களே, நினைவிருக்கிறதா? பாட்டில் லேபிளைப் பார்த்து எந்த நாட்டுக் குப்பை என்று பிரிக்கப்போகிறார்களாம். எந்தக் கடையில் எதை வாங்கினாலும் லேபிளில் மூன்று நாட்டுக்கும் சேர்த்துத்தானே அச்சடிக்கிறான்! ஒரே சங்கதியை மூன்று தடவை எழுதி, மூன்று நாட்டுப் பெயரைப் போடுகிறான். பிள்ளைகள் கையுறை கிழியக் கிழியப் பொறுக்கிவிட்டு, "ஒண்ணும் புரியலை ஆன்ட்டி" என்று என் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அதை வைத்துக்கொண்டு நீ டிவியில் வாய் கூசாமல் சொல்கிறாய்: "எது எந்த ஊர்க் குப்பைன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க."

சொல்ல முடியும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

திங்கட்கிழமை மிதவைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது. வருஷா வருஷம் பத்துப் பன்னிரண்டு வருகிறதுதான். ஆனால் இதன் கதவில் பஸ் கைப்பிடி இருந்தது. அத்தானோடு வேலை செய்யும் மிலோராத் விழுந்து விழுந்து சிரித்தாராம். "யோவ் நெஜாத், பஸ்ஸையே ஃப்ரிட்ஜா மாத்தியிருக்கானுங்கய்யா! டிக்கெட் எங்கய்யா வாங்கறது?" என்றாராம். அத்தான் சிரிக்கவில்லை. யாருடையது என்று கேட்டதற்கு, தெரியாது என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். வீட்டுக்கு வந்து சேற்றுப் பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தார். அப்புறம், "உங்கம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் வந்திருக்கு ஷெஃபிகா" என்றார்.

ஆறு வயதில் நீ அந்தக் கதவில் தொங்கி ஊஞ்சலாடிக் கைப்பிடியை உடைத்தாய். அம்மா விளக்குமாற்றோடு தோட்டம் முழுக்க உன்னைத் துரத்தினாள். எல்லாம் ஒரே நாடாக இருந்த காலம். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, உடைசலுக்குப் போட்ட பஸ்ஸிலிருந்து ஏறும்போது பிடிக்கும் கம்பியைக் கழற்றிவந்து முடுக்கினார். அதற்கப்புறம் இரண்டு தரம் இழுத்தால்தான் கதவு திறக்கும். மூன்று நாட்டிலும் சல்லடை போட்டுத் தேடு, இன்னொன்று கிடைக்காது.

இலையுதிர் காலத்தில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டுக் கிளம்பும்போது உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வீட்டை விற்றுக்கொள், அம்மாவின் சாமானை மட்டும் தூக்கிப் போடாதே என்றேன். "எல்லாம் கிடங்குல பத்திரமா இருக்குக்கா, நீ கவலைப்படாதே" என்றாய். உன் கிடங்கு எது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆற்று வளைவில் சுவர்கூட இல்லாமல் ஊர்க் குப்பையைக் குவித்து வைத்திருக்கிறாயே, அதுதான். நம் அம்மாவைப் போய்க் குப்பையோடு சேர்த்துவிட்டாயே என்று நினைத்து நினைத்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் மிச்சம் இருந்தது.

ஃப்ரிட்ஜை மிலோராத் லாரியில் ஏற்றி எங்கள் வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டார். இந்த வருஷம் உங்கள் குழுவிலிருந்து புது உத்தரவு வந்திருக்கிறது: எந்த ஊருடையது என்று நிச்சயமாகத் தெரிந்த பொருள் கிடைத்தால் எடுத்துவைத்துத் தெரிவிக்க வேண்டும். எந்த ஊர் முதலில் ஒப்புக்கொள்கிறதோ அந்த ஊரின் குப்பைக் கிடங்கைத்தான் குழு முதலில் ஆற்றை விட்டு நகர்த்தித் தருமாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாயைத் திறந்தால் பழி தன் தலையில் விழும் என்று மூன்று நாட்டுக்காரர்களும் பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அத்தான், "சும்மா இரு. அவன் உன் தம்பி. நீ சொன்னா அவன் வேலை போயிடும்" என்கிறார். "அவன் வேலை போகும், என் பொண்ணுக்கு மூச்சு போகுதே, அது பரவாயில்லையா?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? மெலிஹா ராத்திரி இழுக்கும்போது முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரே அவர்தான்.

ஆகையால் கேட்டுக்கொள். வியாழக்கிழமை கூட்டம். உன் ஊர்ப் பெயரை மேசையில் வைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால் உட்கார்ந்து பூசி மெழுகாதே. எழுந்து நின்று, "எங்க ஊர்க் குப்பைதான்" என்று சொல். நீ சொன்னால் அது ஒரு அதிகாரி ஒப்புக்கொண்டது, கிடங்கு நகரும். நான் சொன்னால் அது ஒரு அக்கா காட்டிக்கொடுத்தது, ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும் என்று துணிந்துவிட்டேன். நீ சொல்லாவிட்டால், மத்தியானம் ஆட்டுக்கறி பரிமாறும் நேரத்துக்கு ஃப்ரிட்ஜ் ஹோட்டல் வாசலில் நிற்கும். மிலோராத் லாரி தருவதாகச் சொல்லிவிட்டார். டிக்கெட்கூட வேண்டாமாம்.

இன்னொன்று. கழுவி வைக்கலாம் என்று கதவை இரண்டு தரம் இழுத்துத் திறந்தேன். அப்பா முடுக்கியது அல்லவா, உள்ளே சேறு அதிகம் போகவில்லை. அடித்தட்டில் அம்மாவின் தலைத்துணியில் சுற்றிய ஒரு ஜாம் பாட்டில். பிளம்ஸ் ஜாம். கடைசியாகக் கிண்டியது. அத்தனை ஆற்றையும் கடந்து உடையாமல் வந்திருக்கிறது. தூக்கிப் போடும் முன் கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லையா, தம்பி?

நான் இன்னும் மூடியைத் திறக்கவில்லை. மெலிஹா கேட்டாள், மாமா வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு ஹோட்டலில் சாப்பிடாமல் நேராக வீட்டுக்கு வா. ரொட்டி சுட்டு வைக்கிறேன். அல்லாஹ் உன் நாவுக்குத் தைரியத்தையும் என் பிள்ளைக்கு மூச்சையும் தரட்டும்.

உன்மேல் கோபமாக இருக்கும்,
உன் அக்கா ஷெஃபிகா