லாரியை மறித்த பொம்பளைகள்

திருநகர்,
மதுரை.

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் இதைத் தொடங்குகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, போட்டோ எடுத்தியா" என்று கேட்பாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, மாத்திரை போடச் சொன்னால் என்னை முறைக்கிறார். அது கிடக்கட்டும்.

உன் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று ஒரு ஃபைல் நம்பரை அனுப்பினாயே, அந்தப் பழைய ஃபைலுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் ஆள் இல்லை, ஒரு நாள் சாவி இல்லை. அப்புறம் போனால் அங்கிருந்த அதிகாரி சூர்யபிரகாஷ், "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா, நீங்க வந்து இதுல என்னத்தப் பாக்கப் போறீங்க" என்கிறார். சத்துணவுக் கூடத்தை நடத்தி ரிட்டயர் ஆனவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதா? நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன், கடைசியில் தூசியோடு கொண்டுவந்து போட்டார்கள். மேலூர்ப் பக்கம் நம்ம ஊரில், குடிதண்ணீர் ஊருணியின் கரையை வெட்டிக் குவாரி லாரிக்குப் பாதை போட வந்தார்களே, அந்த 1984-ஆம் வருஷத்து ஃபைல். "கருப்பு வகையறா ஆட்சேபணையின் பேரில் பணி நிறுத்தப்பட்டது, அங்கு கூடிய பெண்கள் எச்சரித்து அனுப்பப்பட்டனர்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அந்தக் கருப்பு, நம்ம கருப்பண்ணன், அன்றைக்கு ஊரிலேயே இல்லை, உன் அப்பாவோடு கேரளாவில் செங்கல் சூளையில் இருந்தார். லாரிக்கு முன்னால் படுத்தது அவர் மனைவி முத்துத்தாய் மதினி. பக்கத்தில் படுத்தது நான், கல்யாணமாகி வந்த புதிது. பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வியும் எங்கள் தெருப் பெண்களும் குடங்களோடு வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். எச்சரித்தா அனுப்பினார்கள்? போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் பொழுது சாயும்வரை அடைத்து வைத்தார்கள், லத்தி பட்டு ஒடிந்த மதினியின் கை இன்றைக்கும் நேராக நீளாது. இதை நான் உனக்குச் சொன்னதில்லை, நீ கேட்டதும் இல்லை.

மனசு கேட்காமல் மேலூர் பஸ் ஏறி மதினியிடம் போய்ச் சொன்னேன். "அடியாத்தீ, எம் புருசன் கேரளாவுல இருந்துக்கிட்டே லாரிய மறிச்சுட்டாராக்கும்" என்று சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அடங்கிப் போய், "ஏண்டி செல்லக்கிளி, எம் பேர எழுதுனா அம்புட்டு மையா செலவாயிரும்" என்று கேட்டாள். அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஆபீஸுக்குப் போனேன். பழைய ஃபைலில் ஓர் எழுத்தும் சேர்க்கக் கூடாது என்றார் அதிகாரி. சரி என்று வெளியே மரத்தடியில் உட்கார்ந்து நடந்ததை எழுதினேன், செத்துப்போன பாண்டிச்செல்வி வரைக்கும் ஒருத்தி விடாமல் பேர் போட்டேன், மதினி கைநாட்டு வைத்தாள். அவர் வாசித்துவிட்டு, "மனுன்னா ஏதாச்சும் கேக்கணும்லம்மா, இதுல கோரிக்கையே இல்லையே" என்றார். "ஒண்ணும் கேக்கல சார், அன்னைக்குப் படுத்துக் கெடந்தது நாங்க, சீல் குத்தி உள்ள வைங்க" என்றேன். மதினி அந்தக் கோணல் கையைத் தூக்கி அவர் மேஜை மேல் வைத்தாள். அந்தக் கையைப் பார்த்தவர் சீலை எடுத்துக் குத்தினார். எந்த அலமாரியில் போட்டுப் பூட்டப் போகிறாரோ, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

உன் மேலும் கோபம்தான். சாதாரணப் பெண்களின் வாழ்க்கையைத் தேடி எந்தெந்த ஊர் ஆவணப் பெட்டியையெல்லாமோ திறக்கிறாய், பேப்பரில் இருப்பதுதான் ஆதாரம் என்கிறாய், பெற்றவளை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே உனக்கு. அந்த ஃபைலின் போட்டோவை அனுப்ப மாட்டேன். பொங்கலுக்கு லீவு போட்டு வா. மதினி உன்னோடு பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், போனில் இல்லை, நேரில்தான். அவள் பேசி முடித்த பிறகு நான் பேசுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே. நீ எடுத்த காரியம் நல்லபடியாக நிறைவேறி, பேரும் புகழுமாக இருக்க அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். நாங்கள் பேசும்வரை மட்டும் உன் ஆராய்ச்சியில் அந்த ஊருணி அத்தியாயத்தை முடித்துவிடாதே.

உன் அம்மா,
ஆ. செல்லக்கிளி