மாந்தோப்பு ஊற்றில் மஞ்சள் தண்ணீர்

நாகரசம்பட்டி,
20-1-1956

அன்புள்ள சென்னகிருஷ்ணனுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் வயிறு மட்டும் நடுவில் சுகமில்லாமல் இருந்தது, இப்போது அதுவும் சுகம். டேராடூன் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு பாறைகளை ஆராய்கிறாய் என்று நம்புகிறேன்.

சுண்ணாம்புப் பாறை தண்ணீரை வடிகட்டாது, பொந்து வழியே அப்படியே ஓடவிடும், தெளிவைப் பார்த்து நம் மாந்தோப்பு ஊற்றை நம்பாதீர்கள், காய்ச்சிக் குடியுங்கள் என்று எழுதியிருந்தாயே, அதை அப்பாவிடம் காட்டினேன். "கண்ணாடியாட்டம் இருக்கற தண்ணியக் காய்ச்சச் சொல்றான் பாரு, படிச்ச புள்ள" என்று ஊற்றுக்கே போய் ஒரு சொம்பு குடித்தார். மறுநாள் முழுக்கச் சொம்பும் கையுமாக வேறு திசையில் நடந்துகொண்டிருந்தார். மேட்டில் கரியப்பனின் எருமைகள் புரளும் குழி இருக்கிறதல்லவா, அந்தத் தண்ணீர்தான் பாறைக்குள் இறங்கி நம் ஊற்றில் வருகிறதென்று எனக்குச் சந்தேகம். கரியப்பனிடம் சொல்ல அப்பாவுக்குத் தைரியமில்லை, எருமையைக் குறை சொன்னால் அந்த மனிதர் பெற்ற பிள்ளையைச் சொன்னதுபோல் கம்பைத் தூக்குவார். நானே சோதித்துவிடுவதென்று வீட்டிலிருந்த மஞ்சள்தூள் முழுவதையும் அந்தக் குழியில் கரைத்துவிட்டு வந்தேன். வேறு சாயம் எனக்குத் தோன்றவில்லை, அன்று வெள்ளிக்கிழமை என்பதும் தோன்றவில்லை.

மதியத்துக்குள் ஊற்று மஞ்சளாகப் பொங்கியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள், துணி துவைக்க வந்த முனிலட்சுமி "மாரியாத்தா வந்துட்டாடியோவ்" என்று கூவ, ஊரே தேங்காயும் வேப்பிலையுமாகத் திரண்டுவிட்டது. எருமைத் தண்ணீரென்று நிரூபிக்கப் போய், அதை ஊருக்கே தீர்த்தமாக்கிவிட்டேனே, நான் அந்தக் காலத்தில் காலேஜில் ரசாயனம் படித்து என்ன பயன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். எல்லோரும் கையில் ஏந்தி வாயருகே கொண்டுபோகும் சமயம் அப்பா முன்னால் வந்து, "ஆத்தா தண்ணிய யாரும் பச்சையாக் குடிக்கப்படாது, பொங்க வெச்சுத்தான் குடிக்கணும், மேட்டுல எருமை புரண்டா அவளுக்கு ஆகாது" என்று அதட்டினார். கரியப்பனே கன்னத்தில் போட்டுக்கொண்டு எருமைகளை ஏரிக்கு ஓட்டிப்போனார். இப்போது வீட்டுக்கு வீடு தண்ணீர் கொதிக்கிறது.

அப்பாவுக்கு நிஜமாகவே பக்தி முற்றிவிட்டதென்றுதான் நினைத்தேன். அன்று சாப்பிட உட்கார்ந்தவர், "கொழம்பு ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?" என்று கேட்டார். நான் அப்பளத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். "சரி, அடுத்த வெள்ளிக்கும் சனம் வரும், மஞ்சள் கொஞ்சம் கூடுதலா வாங்கியாறட்டுமா?" என்று சொல்லிவிட்டு வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார்.

நோயின்றி நீடூழி வாழ்க. நீயும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பதில் எழுதும்போது மஞ்சளைப் பற்றி மூச்சு விடாதே, உன் கடிதங்களை அப்பா கரியப்பனுக்கும் வாசித்துக் காட்டுகிறார்.

உன் அம்மா,
சரோஜம்மாள்