கார்னிவல் வாரத்தில் குணா

பிப். 15, ஞாயிறு
வெயில் கொளுத்துது. திரைச்சீலை எல்லாம் துவைச்சுப் போட்டேன். சாயங்காலம் சிவராத்திரிக்குக் கோயில் போறதா இருந்தது. போகல.

மத்தியானம் கிள்ளான் துறைமுகத்துல இருந்து கப்பல் ஏஜெண்ட் போன். தம்பி குணாவுக்கு மூளையில ரத்தக்கசிவு. கப்பல் கிச்சன்ல சமைச்சுக்கிட்டு இருந்தவன் அப்படியே விழுந்துட்டானாம். மார்ட்டினிக்னு கரீபியன் பக்கம் ஒரு தீவு, பிரெஞ்சு ஊரு. அங்க ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு கப்பல் கிளம்பிடுச்சு. நினைவு இல்ல.

சீனப் புத்தாண்டு லீவு, ஆபீஸ் வியாழக்கிழமைதான் திறக்குமாம். பொறுமையா இருங்க லா, என்கிறார் ஏஜெண்ட். பாவம், அவரும் என்ன செய்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சேன். பிரெஞ்சுல ஏதோ சொல்லி வச்சிட்டாங்க.

அம்மாகிட்ட சொல்லல. ரெம்பாவ் தோட்டத்துல தனியா இருக்கு. ரத்தக் கொதிப்பு வேற.

16, திங்கள்
செண்டாயான் ஃபேக்டரியில அரைநாள் வேலை. கை ஓடல. பெட்டிங்களுக்கு லேபிள் மாத்தி ஒட்டி, பிரிச்சு, திரும்ப ஒட்டினேன்.

பிரேக்ல போன்ல தேடுனேன். அந்தத் தீவுன்னு போட்டா சுற்றுலாப் பக்கம்தான் வருது. நீலக் கடல். வாழைத்தோட்டம். இந்த வாரம் அங்க கார்னிவல். திங்கள்: ஆம்பளைங்க கல்யாணப் பொண்ணு வேஷம். செவ்வாய்: எல்லாம் சிவப்பு, கொம்பு வச்ச பிசாசுங்க. புதன்: கறுப்பு வெள்ளைத் துணி, கார்னிவல் ராஜா பொம்மையைக் கொளுத்தி ஒப்பாரி. அடியில, அலுவலகங்கள் மூடியிருக்கும், பயணிகள் தகவல் மையம் திறந்திருக்கும். ஒரு வாட்சப் நம்பர், இங்கிலீஷ்லயும் எழுதலாம்னு.

எழுதினேன். உடனே பதில். வருக வருக, ஊர்வலம் எந்தத் தெரு, காடி எங்க நிறுத்தலாம். மெஷின் அனுப்புற பதில். திரும்ப எழுதினேன்: நான் சுத்திப் பார்க்க வரல. என் தம்பி உங்க ஊர் ஆஸ்பத்திரியில கிடக்கிறான். யாராவது போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா?

என் பாஸ்போர்ட் காலாவதி. இமிகிரேஷனும் லீவு. பாரிஸ் போய்த்தான் அங்க போகணும்னு என் வீட்டுக்காரர் விசாரிச்சிட்டு வந்தார். அந்தக் காசுக்கு எங்க போறது.

சோறு ஆக்குறப்ப மனுஷ பதில். பேரு சொலாஞ். தகவல் மையத்துல கவுண்டர் வேலை. நமக்கு ராத்திரின்னா அங்க காலை. கவுண்டர் மூடினதும் போய்ப் பார்க்கிறாங்களாம்.

17, செவ்வாய்
புத்தாண்டு. எங்க ஏரியா லோபாக் முழுக்கப் பட்டாசு, சிங்க நடன மத்தளம். விடிஞ்சதும் ரெம்பாவ் கிளம்பிட்டோம். சொல்ல வேணாம்னு வழியெல்லாம் இவர். சொல்லாம விட்டு, அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா? சொல்லிட்டேன்.

அம்மா அழல. அடுப்பை அணைச்சுது. "இப்ப அவன் பக்கத்துல யாரு இருக்கா?"

அந்த நேரம் ஆஸ்பத்திரியில இருந்து சொலாஞ் வீடியோவுல. வாயில குழாய், கண்ணு மூடி, தாடி. நம்ம குணாதான். சொலாஞ் கன்னத்துல மினுமினுப்பு ஒட்டியிருக்கு. துடைச்சும் போகலன்னு மன்னிப்புக் கேட்டாங்க. போனை அவன் காதுகிட்ட வச்சாங்க.  அம்மா என் கையிலிருந்த போனை வாங்கிக்கிச்சு.

"குணா, அம்மாடா. எந்திரிக்க வேணாம், படுத்துக்க. பைப்புல தண்ணி இப்ப நல்லா வருது. மொளகாச் செடி காய்ச்சிருக்கு. நீ ஒண்ணும் யோசிக்காத. தூங்கு சாமி."

அவனுக்குக் கேட்டிருக்குமான்னு பிறகு கேட்டேன். தெரியல, கை சூடா இருந்துச்சு, அவ்வளவுதான் சொல்ல முடியும்னாங்க. ஆறுதலுக்குன்னு பொய் சொல்லல. அது பிடிச்சிருந்தது.

18, புதன்
போயிட்டான். எழுந்தப்ப சொலாஞ் மெசேஜ் கிடந்தது. அங்க இன்னும் செவ்வாய்க்கிழமை, சிவப்பு நாள்.

அம்மா கோழிக்குத் தீனி போட்டுட்டு வந்து என் முகத்தைப் பார்த்துச்சு. அதுவே புரிஞ்சுக்கிச்சு.

ஏஜெண்ட் லீவுலயும் போன் எடுத்தார். உடம்பைக் கொண்டு வரலாம், வாரக்கணக்கா ஆகும், பெட்டி சீல் வச்சு வரும், திறக்க முடியாது. இல்லைன்னா அங்கயே தகனம். இவர் கொண்டு வரணும்னார், பெத்த தாய் இருக்கிறப்பன்னு. அம்மா ஒத்துக்கல.

"மூடின பெட்டிக்குள்ள அவன்தான் இருக்கான்னு நான் எதை வச்சு நம்புறது? அந்தப் பொண்ணு அவன் முகத்தைப் பார்த்திருக்கு. அதுவே அங்க காரியத்தைச் செய்யட்டும்."

கேட்கவே கூச்சம். எழுதினேன். சரின்னுட்டாங்க. அவங்க குடும்பமும் எந்தக் காலத்துலயோ தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனதாம். எந்த ஊருன்னு தெரியாது. தமிழும் தெரியாது.

19, வியாழன்
இங்க முஸ்லிம்களுக்கு நோன்பு முதல் நாள். தலைவலி. வேலைக்குப் போகல.

அங்க புதன் சாயங்காலம். ஊரே கறுப்பு வெள்ளை, கடற்கரையில ராஜா எரியுதாம். எல்லாரும் விளையாட்டுக்கு ஒப்பாரி வைக்கிறப்ப தனக்கு நிஜமாவே அழுகை வந்துருச்சுன்னு சொலாஞ் எழுதியிருந்தாங்க. பக்கத்துல நின்னவங்க சிரிச்சு, நல்லா நடிக்கிறீங்கன்னு தோள்ல தட்டினாங்களாம்.

அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு கேளு"ன்னுச்சு.

24, செவ்வாய்
மழை. ரெம்பாவ்லயே இருக்கேன். இவர் பால் டின், கொசுவத்தி வாங்கி வந்தார்.

அங்க விடிஞ்சா தகனம். என்ன சொல்லி அவனை வழியனுப்பணும்னு சொலாஞ் கேட்டாங்க. எனக்கு எந்த மந்திரமும் வரல. முழுப் பேரைச் சொல்லி வழியனுப்பினா போதும்னு அம்மா. குணசேகரன்னு என் குரல்ல பதிஞ்சு அனுப்பினேன்.

அவங்களும் சொல்லிப் பதிஞ்சு அனுப்பினாங்க. 'கூனாசெக்கரா'. அம்மா தலையாட்டுச்சு, இல்லன்னு. தானே போனை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, ஒண்ணாப்புப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுச்சு. திரும்ப வந்தது. இன்னும் சரியில்ல. திரும்ப அனுப்புச்சு. 'னா'வை இழுக்கக் கூடாதுன்னு தமிழ்லயே சொல்லுச்சு. அவங்களும் சளைக்கல.

கடைசியில சுத்தமா வந்துச்சு. குணசேகரன்.

அப்பத்தான் அம்மா அழுதுச்சு.