வேலியோடு நின்றதாகச் சொன்ன தார்

போன கிழமை மழை விட்ட மறுநாள் துணி துவைக்கும் எங்கள் லோண்டரி அறையின் தரைப் பலகைகளுக்கு அடியிலிருந்து அந்த மணம் வந்தது. சேலைப் பெட்டிக்குள் போடுவோமே, அந்தப் பூச்சி உருண்டை மணம். அதற்குள் கொஞ்சம் தாரும் கலந்திருந்தது. என்னவாக இருக்கும் என்று நான் தேடித் திரியவில்லை. உன் வீட்டு வளவில் எத்தனையோ மாரி காலம் அதை முகர்ந்தவள் நான். அரசாங்க அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிவிட்டேன். ஆட்கள் வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன் உன்னோடு கொஞ்ச நேரம் கதைக்க வேண்டும் போல இருக்கிறது.

இந்தக் காணிகளை முதலில் கண்டுபிடித்தவள் நீதான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சிட்னிக்கு வந்து சேர்ந்து, பிஸ்கட் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று பெட்டி கட்டிய இரண்டு பேர் நாங்கள். நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் பக்கத்தில் இருந்தாய். "ஆத்துக்குக் கிட்ட புதுசா ஒரு ரோட்டு வெட்டியிருக்கினம். ரெண்டு காணி பக்கத்துப் பக்கத்தில கிடக்கு. ஒண்டு உனக்கு, ஒண்டு எனக்கு" என்றாய். போய்ப் பார்த்தோம். தட்டையாக மட்டம் செய்த நிலம், மேலே புது மண். முன்பு ஏதோ தொழிற்சாலை இருந்த இடம் என்று மட்டும் ஏஜென்ட் சொன்னான். நிலக்கரியைச் சுட்டு நகரத்து அடுப்புகளுக்குக் காஸ் எடுத்த ஆலை அங்கே இருந்ததும், மிஞ்சிய தாரைக் குழிகளில் ஊற்றி மூடிவிட்டுப் போனதும் எங்களுக்கு வெகு காலத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று அப்போது யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

வீடு கட்டி முடித்த கையோடு நீ தோட்டம் போட்டாய். கீரை, தக்காளி, கத்தரி, பச்சை மிளகாய். எதைப் போட்டாலும் உனக்கு வந்தது. காய்த்ததைப் பை பையாகக் கட்டி ரோட்டு முழுக்கக் கொடுத்தாய். எதிர்வீட்டு இத்தாலியக் கிழவர் உன் தக்காளியைத் தன் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதைப் பார்க்க உனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மழை பெய்து விட்டால் வளவில் அந்த மணம் எழும்பும். "ஆரோ என்ர சேலைப் பெட்டியைத் திறந்துபோட்டு விட்டிட்டினம்" என்று சிரித்தபடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவாய். பெட்டி பூட்டியபடியே இருக்கும்.

பிறகு அந்தத் தேசிக்கன்று. அதை நட உன் மனுசன் குழி வெட்டினார். முழங்காலளவு ஆழத்தில் மண் கறுத்தது. இன்னும் வெட்ட, பளபளவென்று தடித்த எண்ணெய் மாதிரி ஒன்று குழியின் சுவரிலிருந்து மெல்ல மெல்லக் கசிந்து வந்தது. அவர் கையில் பட்டதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. "இஞ்ச ஒருக்கா வா" என்று நீ வேலிக்கு மேலால் கூப்பிட்டாய். நான் வந்து குழியைப் பார்த்தேன். நீ அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் தளதளவென்று நின்ற கீரைப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"இதுக்கு மேலயோ நான் இவ்வளவு காலமும் கீரை போட்டனான்?"

உன் மனுசன் குழியை மூடிவிடுவோம் என்றார். கவுன்சிலுக்குச் சொன்னால் வீடு வீடாக இராது என்றார். நீ அவரோடு சண்டை பிடிக்கவில்லை. கை கழுவி, சேலை மாற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினாய். "கவுன்சிலுக்கு நாளைக்குச் சொல்லுவம். ஆனா இந்தச் சனம் அரசாங்கத்தின்ர வாயால இதைக் கேக்கக்கூடாது. நான் குடுத்த கீரை. நான்தான் சொல்லவேணும்" என்றாய்.

வீடு வீடாகப் போனோம். சிலர் நம்பவில்லை. சிலர் எங்களை வாசலிலேயே நிற்க வைத்தார்கள். இத்தாலியக் கிழவர் மட்டும் உள்ளே கூப்பிட்டு, கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு தன் உடைந்த ஆங்கிலத்தில், "இதைச் சொன்னால் என் வீட்டை யாரும் வாங்கமாட்டார்கள். சொல்லாதே" என்றார். நீ தலையைக் குனிந்தபடி, "சொல்லத்தான் வேணும்" என்றாய். அவர் மனைவி எழும்பிப் போனாள். குசினியில் தக்காளிகள் ஒவ்வொன்றாகக் குப்பை வாளிக்குள் விழும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அதன்பின் வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் வந்தார்கள். உன் வளவெங்கும் துளை போட்டு மண் எடுத்தார்கள். என் வளவில் ஓரிடத்தில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, தார் வேலியோடு நின்றுவிட்டது என்றார்கள். "தாருக்கு வேலி தெரியுமோ?" என்று நீ கேட்டாய். சுத்தம் செய்யும்படி உன் பேருக்குத்தான் உத்தரவு வந்தது. காணி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்பது அப்போதைய விதி. நல்ல மண் தெரியும் மட்டும் தோண்டி அள்ள வேண்டும் என்றார்கள். வீட்டை இடிக்காமல் அது நடக்காது. தாரை ஊற்றிய கம்பனி எப்போதோ கலைந்து போயிருந்தது. "ஊத்தினவன் இல்லை. நாங்கள் இருக்கிறம், அதுதான் எங்களைப் பிடிக்கினம்" என்றாய்.

உன் வளவைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். வெயிலில் வெளிறி அறுந்தால் வந்து வேறு கட்டிவிட்டுப் போவார்கள். ரோட்டுச் சனம் உன்னைக் கண்டால் மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்தது. கோயிலில் உனக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள் என்று ஒரு நாள் சொன்னாய். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாய்.

பிறகு விதி மாறியது. அழுக்காக்கியவன்தான் முதல் பொறுப்பு, காணிக்காரர் கடைசி என்றார்கள். அன்றைக்கு நீ எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாய். ஆனால் அழுக்காக்கியவன் இல்லாதபடியால் ஒருவரும் வந்து ஒன்றும் செய்யவில்லை. வருஷங்கள் போயின. விதி திரும்பவும் மாறியது. இந்த முறை வந்த பெண் அதிகாரி உன் குசினிக் கதிரையில் இருந்து, எல்லா மண்ணையும் அள்ளத் தேவையில்லை, ஆட்கள் தொடாதபடி மூடினாலே போதும் என்று விளங்கப்படுத்தினாள்.

"முந்தி வந்தவர் தோண்டி எடுக்காமல் விடேலாது எண்டார். மண் நல்லா வந்திட்டுதோ?" என்று கேட்டாய்.

அந்தப் பிள்ளை பேனாவை மூடி வைத்தாள். "மண் அப்படியேதான் இருக்கிறது. விதிதான் மாறியிருக்கிறது" என்றாள். ஒளிக்காமல் சொன்னாளே என்று அவளில் உனக்கு ஒரு மதிப்பு.

மேல் மண்ணை வழித்து எடுத்தார்கள். செம்மஞ்சள் வலை ஒன்றை விரித்து, அதற்கு மேல் களிமண்ணும் புல்லும் போட்டார்கள். வலைக்குக் கீழே தோண்டக்கூடாது, மரக்கறி நடக்கூடாது என்று சொல்லிவிட்டு உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். இனி உன் காணியால் பிரச்சினை இல்லை என்றார்கள். ரோட்டு முழுக்க மூச்சு விட்டது. நீ மட்டும் உன் மகளின் பிள்ளையை ஒரு நாளும் அந்தப் புல்லில் இறக்கி விடவில்லை. வந்தால் இடுப்பிலேயே வைத்திருப்பாய்.

உனக்கு இரத்தத்தில் நோய் என்று தெரிந்தபோது நானும் கூட வந்திருந்தேன். அந்த மண்ணாலா என்று டொக்டரிடம் நேரே கேட்டாய். ஓம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். நீ தலையாட்டினாய். அதன் பிறகு அதைப் பற்றி நீ கேட்டதெல்லாம் என்னிடம்தான். ஆஸ்பத்திரிக்கு நான் வரும் ஒவ்வொரு முறையும், நான் கதிரையை இழுத்து இருக்கும் முன்னரே கேட்பாய்.

"உனக்கு ஒண்டும் இல்லையே? கீரை நீயும் திண்டனி."

"எனக்கு ஒண்டும் இல்லையடி."

"செக் பண்ணினனியோ?"

பண்ணினேன் என்று காட்டும் வரைக்கும் நீ வேறு கதை கதைக்கமாட்டாய். உன் உடம்பு உருகிக்கொண்டு போன நேரத்தில் நீ என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ போன பிறகு மகள் தகப்பனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய், வீட்டை விற்றாள். மலேசியாவிலிருந்து வந்த இளம் தம்பதி வாங்கியிருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். வேலிக்கு மேலால் கையசைப்பாள்.

லோண்டரியில் மணம் வந்த அன்று என் மனுசனுக்கும் அது தெரிந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வீட்டை வித்திட்டு மகனோட போய் இருப்பம். எங்கட காணியில ஒண்டும் இல்லையெண்டு அவையள்தானே சொன்னவை" என்றார்.

"இப்ப தெரியுதே."

"ஆருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தானே?"

காணியில் அழுக்கு இருப்பது தெரிந்தால் காணிக்காரர் தானாகவே சொல்ல வேண்டும் என்று இப்போது விதியை இறுக்கியிருக்கிறார்கள். அதை அவருக்குச் சொன்னேன். நான் ஃபோனை எடுத்தது விதிக்குப் பயந்து அல்ல என்பது அவருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவர் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. எனக்கும் பயம்தான். எந்த விதிப்படி வரப்போகிறார்கள், என்ன சொல்லப்போகிறார்கள், எங்களை இந்த வீட்டில் இருக்க விடுவார்களா, ஒன்றும் தெரியவில்லை. படுக்கை அறையின் யன்னல்களைத் திறந்தே வைத்திருக்கிறேன். சில நேரம் மணம் இல்லாதபோதும் மணக்கிறது.

நேற்றுப் பின்னேரம் சேலை மாற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். முதலில் உன் வீட்டுக்குத்தான் போனேன்.

"உள்ள வாங்க ஆன்ட்டி" என்று அந்தப் பிள்ளை கதவை அகலத் திறந்தாள். இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆலையிலிருந்து தொடங்கி என் லோண்டரி வரைக்கும்.

"லாயர் பத்திரத்துல இதைப் பத்தி ஏதோ ஒரு லைன் இருக்குன்னு சொன்னாரு. பழைய மேட்டர், க்ளீன் பண்ணி முடிச்சிட்டாங்கன்னு சொன்னாரு" என்றாள். குரல் மெலிந்துவிட்டது. "அப்போ அது இன்னும் கீழதான் இருக்கா ஆன்ட்டி?"

"ஓம் பிள்ளை. இருக்கு."

அவள் பின் கண்ணாடிக் கதவால் புல்லைப் பார்த்தாள். அங்கே ஒரு கொடியில் கழுவிய குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இதுக்கு முன்ன இங்க இருந்தாங்களே, அந்த ஆன்ட்டிக்கு என்ன ஆச்சு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எதால் என்று தெரியாது என்பதையும் சொன்னேன். அவள் அழுது முடியும் மட்டும் கூட இருந்துவிட்டு, எழும்பி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனேன்.