ஆடுற பட்ஜெட்டில் வராத முட்டி

பாய்,

இன்று காலை டீ குடிக்கப் போன இடத்தில் உன் முகத்தைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் இன்னும் அவிழ்க்காத பெரிய ஃபிளெக்ஸ். நீ ஒரு ஓரத்தில் தபால்தலை அளவுக்குச் சிரிக்கிறாய். நடுவில் நம் கால்பந்துக் கமிட்டித் தலைவர், அரிசி மில்காரர், கைகூப்பி நிற்கிறார். செத்தது அவர்தான் என்று நினைத்து வெளியூர்க்காரன் கும்பிட்டுவிட்டுப் போவான். கீழே எழுத்து: 'உடல்நலக் குறைவால் ஓய்வுபெற்ற நம் அணி மேனேஜர் நினைவுக் கோப்பை'.

உடல்நலக் குறைவாம்! ராஜினாமா பண்ணிய மறுநாளே உன் பாத்திரக் கடைப் பரணில் ஏறி அண்டா இறக்கிக்கொண்டிருந்தவன் நீ. மாரடைப்பு வந்து நீ போனதெல்லாம் ரொம்ப காலம் கழித்து, போன மார்கழியில்.

ஏரி வற்றினால்தான் நமக்கு மைதானம். உத்திரமேரூரே மழைக்கு வேண்டிக்கொள்ளும்போது வெயிலுக்கு வேண்டிக்கொண்ட ஒரே கூட்டம் நம் டீம். சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, விற்காத நசுங்கல் குண்டானில் கொண்டைக்கடலையும் முட்டையும் அவித்து, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு வருவாய். நெல் மூட்டை தூக்கிவிட்டு, சென்ட்ரிங் வேலை முடித்துவிட்டு நேராக வந்து நிற்பார்கள் பையன்கள். "வவுத்துல ஒண்ணும் இல்லாம ஓடச் சொன்னா அது பிராக்டீஸ் இல்லே, தண்டனை" என்பாய். எனக்கும் ஒரு முட்டை உண்டு. நான் ஓடியதே இல்லையே என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

என் வேலை மைக். மனு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கால்பந்து தெரியுமா, தெரியாதா என்று யாரும் விசாரிக்கவில்லை. வாய் இருந்தது, கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை வலைக்கு வெளியே போன பந்தை நான் கோல் என்று அறிவிக்க, பாதி ஊர் பட்டாசு கொளுத்திவிட்டது. "யோவ், உன் கண்ணுக்கும் வாய்க்கும் நடுவுல எதுனா கீதா, இல்லே காலி மனையா?" என்று நீ மைதானத்திலிருந்தே கத்தினாய். அதுவும் மைக்கில் கேட்டது.

அந்த வருஷம் அரையிறுதியில் ஜெயித்தோம். ஆனால் காவாந்தண்டலத்து அந்தோணிக்கு முட்டி திரும்பிக்கொண்டது. நம் பின்வரிசையே அவன்தான். மூட்டை தூக்கித் தூக்கி இறுகின உடம்பு. முட்டி வீங்கி, மடக்க முடியாமல், "ஒண்ணுமில்லே பாய்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நீ கமிட்டிக் கூட்டத்துக்குக் கிளம்பினாய். பஜ்ஜி கிடைக்கும் என்று நானும் வந்தேன்.

மில் ஆபீசில் தலைவர் ஆரம்பித்தார். "பாய், உங்க பசங்க நல்லாதான் ஆடறாங்கோ. ஆனா ஃபைனல்ல கப்பு நம்ப ஊருக்கு வரணும்ல? மெட்ராஸ்லேர்ந்து அஞ்சு பேரை எறக்கலாம்."

"எறக்கு. நம்ப பசங்க அஞ்சு பேரை எங்க எறக்கறது?"

"சைடுல குந்தட்டும்."

"அத்த வுடு. அந்தோணிக்கு ஸ்கேன் எடுக்கணும்னு கேட்டேனே, இன்னா ஆச்சு?"

பொருளாளர் செருமினார். "அது ஆடுற பட்ஜெட்டுல வராது பாய். அது வைத்தியச் செலவு."

"முட்டி இல்லாம எத்த வச்சினு ஆடுவான்? சரி, மேடைக்கு வாங்கற சால்வை எந்த பட்ஜெட்டு?"

"அது மரியாதை."

உனக்குத் தெரியாததா? நன்கொடை கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு முன்னால் சால்வை போட்டாக வேண்டும். அதுவரை இரண்டு டீமும் வெயிலில் நிற்கும். நான் குறுக்கே புகுந்தேன்: "தலைவரே, சால்வையைக் குறைச்சா ஸ்கேனே எடுத்துடலாம்." "நீ மைக்குல மட்டும் பேசு" என்றார்.

நீ கத்தவில்லை. பந்து வைத்த வலைப்பையை மேசைமேல், பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "இதோ கீது பந்து. எல்லாத்துலயும் காத்து கரெக்டா கீது. இனிமே நான் வர்லே." அவ்வளவுதான்.

ஃபைனல் அன்று நீ மேடைப் பக்கம் வரவில்லை. ஏரிக்கரைமேல் தூரமாக உட்கார்ந்திருந்தாய். அந்தோணியோடு சேர்த்து, ஓரங்கட்டிய நம் ஐந்து பையன்களும் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கீழே காரிலிருந்து இறங்கிய மெட்ராஸ் கோல்கீப்பர், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "சார், நான் எந்த டீமு?"

எனக்கு எப்படித் தெரியும்? எதிர்டீமான பழையசீவரத்துக் கமிட்டியும், நம் தலைவருக்கு ஆள் கொடுத்த அதே புரோக்கரைப் பிடித்து அதே ஐந்து பேருக்கு முன்பணம் கொடுத்திருக்கிறது! இரண்டு தலைவர்களும் கழுத்தில் சால்வையோடு, ஒரு கோல்கீப்பரின் இரண்டு கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்தார்கள். நான் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். கடைசியில் ஐவரும் பழையசீவரத்துப் பக்கம் போய்விட்டார்கள்.

தலைவர் கரைக்கு ஆள் அனுப்பினார். பையன்கள் உன் முகத்தைப் பார்த்தார்கள். "போங்கடா. சட்டையில கீறது ஊரு பேரு, அவன் பேரு இல்லே. அந்தோணி, நீ மட்டும் குந்து" என்றாய். மைதானத்தில் ஒரு ஆள் குறைவதைப் பார்த்து அவனும் எழுந்து ஓடிவிட்டான். இரண்டாவது பாதியில் விழுந்தான். செருப்பை விட்டுவிட்டுக் கரையிலிருந்து நீ ஓடிவந்ததை, வாய்க்குப் பேர்போன நான், ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் அவனைக் காட்டினாய். முன்னாலேயே ஆடாமல் நிறுத்தியிருக்கலாமே என்றார் டாக்டர். இப்போது அந்தோணி கல்யாண மண்டப வாசலில் வாட்ச்மேன். காலை நீட்டியபடிதான் உட்கார முடியும்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, பாய். ராஜினாமா பண்ணினவன் காரணத்தையும் நாலு பேர் காதில் போட்டுவிட்டுப் போக வேண்டாமா? யார் கேட்டாலும் "வுடுய்யா, பேஜாரு" என்று அலுமினியச் சட்டியைத் தட்டிக் காட்டி வியாபாரம் பார்த்தாய். நீ மூடிய வாயில்தான் அவர்கள் உடல்நலக் குறைவைத் திணித்துவிட்டார்கள்.

நேற்று நினைவுக் கோப்பை நடந்தது. மறுபடி வெளியூர் ஆட்கள், மறுபடி சால்வை. தலைவர் என்னிடம் ஃபிளெக்ஸில் போட்ட அந்த வரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அப்படியே படிக்கச் சொன்னார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"இந்த மனுஷன் உடம்பு சரியில்லாமல் போகவில்லை" என்று ஆரம்பித்தேன். "அந்தோணி முட்டிக்குக் காசு கேட்டார். இல்லை என்றார்கள். அதனால் போனார்." சால்வை போட வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பொருளாளர் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடுங்கினார். மைக் செத்தது. நான் மேடையிலிருந்து இறங்கி, மைதானத்து நடுவில் போய் நின்று, மீதியை வெறும் தொண்டையில் சொன்னேன். கூட்டத்துக்குக் கேட்கிற வரைக்கும் சொன்னேன். கேட்காதவர்களுக்குத் திரும்பவும் சொன்னேன்.

இன்று குரலே எழும்பவில்லை. டீக்கடையில் கையைக் காட்டித்தான் டீ வாங்கினேன். உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்லி அடுப்படியிலிருந்து பெண்டாட்டி கத்திக்கொண்டே இருக்கிறாள். சொம்பு பக்கத்திலேயே ஆறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொண்டை இன்னும் கொஞ்ச நாள் இப்படியே கட்டிக்கிடக்கட்டும், பாய்.