ரிலீவர் வந்த மறுநாள்

நெய்வேலி நகரியம்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகன் பிரவீன்குமாருக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் வளர்மதியும் பாப்பாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அந்த வேண்டுதலில் மட்டும் நான் என்றைக்கும் குறை வைத்ததில்லை. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கம்போல பிரஷர், உன் தங்கச்சி தேவயானிக்கு ஒன்றுமே இல்லை என்று அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன ஞாயிறு போனில்தான் பேசினோம், நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், உடனே உனக்கு வேறு கால் வந்துவிட்டது. கடிதம் படிக்கும்போது அப்படி எதுவும் வராது. நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியும். காரமாக எழுதாதே பாக்கியம் என்றார். உப்பாவது போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வருஷம் வெயில் சொல்ல முடியாது. கத்திரி முடிந்தும் விடவில்லை, மைன்ஸிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் வெந்துபோய் வருகிறார்கள். பின்னால் இருக்கிற பலா மரம் இந்தத் தடவை தாங்க முடியாமல் காய்த்திருக்கிறது, சாப்பிட ஆள் இல்லை, பக்கத்து குவார்ட்டர்ஸ் விஜயகுமாரிக்குப் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ், அதற்கப்புறம் இந்த வீட்டைக் காலி பண்ண வேண்டும், எங்கே போவது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்கிறேன்.

ஏப்ரல் மாதம் பத்தாம் வகுப்பு கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, பையைப் பரண் மேலே வீசிவிட்டு, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தேவயானி ஒரு மணி நேரம் பேசினாள் பிரவீன். லீவில் என்னென்ன செய்யப் போகிறாள் என்று. சாயங்காலம் அப்பாவின் ஸ்கூட்டரை பிளாக்குக்குள்ளேயே ஓட்டிப் பழகணும், மருதாணி டிசைன் போடக் கத்துக்கணும், குக்கரில் கேக் செய்யணும், முடியைக் கொஞ்சம் வெட்டிக்கணும், அப்பாகிட்ட சொல்லிடாதே என்று. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே பூப்பந்து. ஸ்டேடியத்தில் காலையில் கோச்சிங் கேம்ப் நடக்கும், அதில் நன்றாக ஆடுகிறவர்களை எடுத்துத்தான் மாவட்ட டீம். அவள் வயசுப் பிரிவுக்கு இதுதான் கடைசி வருஷம், அதைத் தாண்டினால் பெரிய பெண்களோடுதான் மோத வேண்டும். அவர்கள் பி.டி. டீச்சர் கனகம் மிஸ் நம் வீட்டுக்கே வந்து, இந்தத் தடவை தேவயானிக்கு ஒரு இடம் உறுதிங்க, காலையில மட்டும் கரெக்டா அனுப்பிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மட்டையைப் பிடிக்க அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது நீதான், ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. அவளுக்கு இருக்கிறது.

அந்த வாரம்தான் உன் போன் வந்தது. தேவா, லீவுக்கு இங்க வந்துடு, ஊர் முழுக்கச் சுத்திக் காட்டறேன், டிக்கெட் போட்டுட்டேன் என்று சொன்னாய். உன் சிநேகிதன் வளவன் குடும்பத்தோடு சிங்கப்பூர் திரும்புகிறான், திருச்சியிலிருந்து அவர்களோடு ஏறிக்கொள்ளலாம் என்றாய். இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கேம்ப்பா அண்ணனா என்று அவளுக்குள்ளேயே அடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கனகம் மிஸ்ஸிடம் அவளே போய், எங்க அண்ணன் ஆசையாக் கூப்பிடறாங்க மிஸ் என்று சொல்லிவிட்டு வந்தாள். போகும்போது மட்டையைத் துணி சுற்றி எடுத்துக்கொண்டாள். எதுக்குடி அங்கே என்று கேட்டேன். அண்ணா கூட ஆடணும், இப்ப நான் அண்ணாவை ஜெயிச்சிடுவேன் என்றாள்.

ஒரு மாதம் கழித்து மே கடைசியில் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள், வெயிலே படாத மாதிரி வெளுத்திருந்தாள். எப்படி இருந்தது என்றால் சூப்பர்மா என்றாள். எதைக் கேட்டாலும் சூப்பர். விஜயகுமாரி வந்து, கடலோரம் அந்தச் சிங்கச் சிலை பார்த்தியா, பறவைப் பூங்கா பார்த்தியா என்று துருவினாள், எல்லாவற்றுக்கும் பார்த்தேன் பார்த்தேன் என்று தலையாட்டினாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. போனில் இருந்த போட்டோவைக் காட்டுடி என்று வாங்கிப் பார்த்தேன். பாப்பா சாப்பிடுகிறது, பாப்பா குளிக்கிறது, பாப்பா தூங்குகிறது, பாப்பா இவள் தோளில் வாந்தி எடுத்து வைத்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு ஒரு சோபா, ஒரு தொட்டில், ஒரு ஜன்னல். உன் தங்கச்சி சிங்கப்பூர் போய்விட்டு வந்ததற்கு அவ்வளவுதான் சாட்சி.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் பார்க்கிறேன், மூலையில் உட்கார்ந்து போனில் எதையோ விடாமல் பார்க்கிறாள். எட்டிப் பார்த்தால் அந்தப் பறவைப் பூங்கா வீடியோ. உள்ளே எப்படிப் போகணும், என்ன பறவை இருக்கிறது என்று யாரோ ஒருத்தன் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறான். நீதான் நேரிலேயே பார்த்தியேடி என்றேன். சாயங்காலம் திலகவதி வூட்டுக்குப் போறேன்மா, கூட ஆடறவங்க எல்லாம் கேப்பாங்க, கேட்டா சொல்லணும்ல, அண்ணனைத் தப்பா நினைக்கக் கூடாதுல்ல என்றாள். உன் மானத்தைக் காப்பாற்ற ஒரு பதினைந்து வயசுப் பெண் போனைப் பார்த்து ஊரைப் படித்துக்கொண்டிருக்கிறாள் பிரவீன்.

அன்றைக்கு உட்கார வைத்துக் கேட்டேன். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். உங்கள் வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற அந்த வெளியூர்ப் பெண்ணுக்கு அந்த மாதம்தான் ஊருக்குப் போக லீவாம். நீங்கள் இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்தபின்தான் வருவீர்களாம், பாவம்மா, ரெண்டு பேருக்கும் அவ்ளோ வேலை என்கிறாள். சனி ஞாயிறில் கூட்டிப் போகலாம் என்று சொன்னீர்களாம், ஒரு வாரம் பாப்பாவுக்குச் சளி, ஒரு வாரம் வளர்மதிக்குத் தலைவலி, ஒரு வாரம் உன் ஆபீஸ்காரர்கள் சாப்பிட வந்தார்களாம், அன்றைக்குப் பூரி இவள்தான் தேய்த்தாளாம். எங்கேடி படுத்தே என்று கேட்டேன். அந்த அக்கா ரூம்ல என்றாள். ஜன்னல் இல்லாத, சாமான் போட்டு வைக்கிற ரூம், ஆனா ஃபேன் இருந்துச்சும்மா என்றாள். அந்த அக்கா எப்போது வந்தார்கள் என்றேன். வியாழக்கிழமை ராத்திரி வந்தாங்க, ரூம் அவங்களுக்கு வேணும்ல, நான் வெள்ளிக்கிழமை கிளம்பிட்டேன் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே.

அப்பா அப்போது செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார் என்று உனக்குத் தெரியும், பையன் இன்ஜினியர், பையன் சிங்கப்பூர் என்று கேன்டீனில் சொல்லிச் சொல்லித்தான் அவர் இத்தனை வருஷம் மைன்ஸில் இறங்கினார். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, ரிலீவராப் போட்டிருக்கான், ரிலீவ் பண்ணி அனுப்பிட்டான் என்றார். அவ்வளவுதான். பஸ் ஏறப் போய்விட்டார். மாற்று ஆள் வந்து நிற்கும் வரை இடத்தை விட்டு நகரக் கூடாது, வந்துவிட்டால் ஒரு நிமிஷம் அதிகம் நிற்க வேண்டாம், இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு இது. ஆனால் மைன்ஸில் வேலை செய்கிறவனிடம் இது வேலை என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று யாரும் சொல்வதில்லை.

வளர்மதி மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. அவள் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவள், அவள் கஷ்டம் எனக்குப் புரியும். அவளை இன்னொருத்தி பெற்றாள். உன்னைப் பெற்றது நான். எங்களுக்கு ஆள் இல்லைம்மா, ஒரு மாசம் கஷ்டம், நீ வந்து இரு என்று நீ கேட்டிருந்தால் நான் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு முதல் ஃப்ளைட்டில் வந்திருப்பேன். பேத்தியைத் தூக்க எனக்குக் கசக்குமா? ஆனால் என்னைக் கூப்பிட்டால் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஆசை காட்டினால் போதும், அவள் நம்புவாள், அதுவும் நீ சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தேவயானி பிறந்தபோது உனக்குப் பதின்மூன்று வயசு. உனக்கப்புறம் இத்தனை வருஷம் கழித்தா என்று பிளாக்கே சிரித்தது. அதுவும் மே மாதம், உனக்குப் பெரிய லீவு. ஆபரேஷன் பண்ணின வயிற்றோடு நான் கிடக்கிறேன், அப்பாவுக்கு மாறி மாறி ஷிப்ட், ஊரிலிருந்து யாரும் வரவில்லை. நீ காலையில் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனால் இருட்டினால்தான் வருவாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தொட்டிலை ஆட்டு என்று உன்னைக் கூப்பிட்டிருப்பேனா? பிள்ளைக்கு லீவு, விளையாடட்டும் என்று நானே எழுந்து சுவரைப் பிடித்து நடந்தேன். அந்தத் தொட்டிலில் கிடந்தவளுடைய லீவைத்தான் நீ எடுத்துக்கொண்டாய்.

கேம்ப்பில் அவள் இடம் யாருக்குப் போனது என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். திலகவதிக்குப் போனது. கனகம் மிஸ் ஒரு வாரம் பார்த்தார்களாம், அப்புறம் என்ன செய்வார்கள். போன வாரம் நம் ஸ்டேடியத்திலேயே மேட்ச் நடந்தது. இவள் போய் வெளியே நின்று தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தாள், கைதட்டினாள், திலகவதி ஜெயித்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்து, சூப்பர் மேட்ச்மா என்றாள்.

இந்த நிலைமையில்தான் நீ போன ஞாயிறு, அரையாண்டு லீவுக்கு தேவாவை அனுப்பும்மா, அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும் என்கிறாய். டிசம்பர்ல அந்தப் பொண்ணு வேலையை விட்டு நிக்குதா பிரவீன் என்று கேட்டேன். அதுதான் அந்த ஒரு கேள்வி. உனக்குக் கால் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவளும் கேட்டாள். ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, நான் போகட்டுமாம்மா, பாப்பா என்னைத் தேடும் என்றாள். உன் மேல் வந்த கோபத்தை விட அவள் மேல் எனக்கு அப்போது அதிகக் கோபம் வந்தது. டிசம்பரில்தான் பெரியவர்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், கனகம் மிஸ் இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள், மூன்றாவது தடவை கூப்பிட அவர்கள் என்ன நமக்குச் சொந்தமா? அனுப்ப மாட்டேன். நீ நேரில் வந்து கேட்டாலும் அனுப்ப மாட்டேன். ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், ஜன்னல் இல்லாத ரூமே எனக்குப் போதும்.

அப்பா நைட் ஷிப்ட் என்றால் பகலில் நம் வீட்டில் டம்ளர் கூட சத்தம் போடக் கூடாது, நீங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் வளர்ந்தீர்கள். உன் வீட்டில் பாப்பா தூங்கும்போது ஒரு மாதம் பூனை மாதிரி நடக்க அவளுக்குச் சிரமம் இருந்திருக்காது, பழகின கால். இப்போது நான் எழுதுகிறேன், அப்பா உள்ளே படுத்திருக்கிறார், அந்த ரூம் சுவரில் வெளிப்பக்கம் பந்து டொப் டொப் என்று விழுந்துகொண்டே இருக்கிறது. நான் எழுந்து போய் அதட்டினேன். அப்பாதாம்மா அடிக்கச் சொன்னாரு என்றாள். உள்ளே போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தூங்காமல் படுத்திருக்கிறார். விடு, அடிக்கட்டும் என்றார்.

பாப்பாவுக்கு என் முத்தம். மத்தியானம் ஏ.சி. மட்டும் போட்டால் பாப்பா விழித்துக்கொள்ளுமாம், கூடவே ஃபேன் சத்தமும் இருக்க வேண்டுமாம், முதுகில் தட்ட வேண்டுமாம், நெஞ்சில் தட்டினால் அழுமாம். அண்ணிகிட்ட மறக்காமச் சொல்லச் சொல்லும்மா என்று உன் தங்கச்சி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், திருச்செந்தூர் முருகன் துணை இருப்பான்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அவள் மட்டை அங்கேயே இருக்கிறது. நீங்கள் கொடுத்துவிட்ட சாக்லேட்டும் தைலமும் வைத்ததில் பெட்டியில் இடம் இல்லை, அடுத்த தடவை எடுத்துக்கலாம் என்று வளர்மதி சொன்னாளாம். அங்கே அதை ஒரே ஒரு தடவைதான் எடுத்தாளாம், சோபாவுக்கு அடியில் போன பாப்பா பொம்மையைத் தள்ளி எடுக்க. இப்போது திலகவதியின் பழைய மட்டையை வைத்துத்தான் சுவரில் அடித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் வளவன் ஊருக்கு வருகிறானாம், அவனிடம் கொடுத்தனுப்பு. கூட வேறு எதுவும் வைக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
ச. தனபாக்கியம்